கொய்யா இலை டீ கறுக்குது, துவர்க்குது, காயவைத்த இலை பூஞ்சை பிடிக்குது: எங்கே தப்பு?

கொல்லைக்கொய்யா:
வீட்டுக் கொல்லையில் லக்னோ-49 கொய்யா மரம் இருக்கிறது. மருந்து எதுவும் அடிப்பதில்லை. அப்பாவுக்கு சுகர். மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும் போடுகிறார். கொய்யா இலை டீ கொடுக்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறோம். இப்போது செய்கிற முறை இதுதான்: நன்றாக முற்றின இலையாகப் பத்துப் பன்னிரண்டு பறித்து, கழுவி, மூன்று டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக வற்றும்வரை இரும்புச் சட்டியில் கொதிக்க வைப்பது. காலையில் வெறும் வயிற்றில், பனங்கற்கண்டு போட்டு ஒரு டம்ளர்.

டீ கன்னங்கரேல் என்று இருக்கிறது. மேலே எண்ணெய் மிதப்பது மாதிரி ஒரு ஏடு. துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்கிறது. சேமிக்கலாம் என்று காயவைத்து பிளாஸ்டிக் கவரில் போட்ட இலையோ ஒரு வாரத்தில் பூஞ்சை பூத்துவிட்டது. எந்த இலை, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று சரியாகத் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மெட்ஃபார்மினோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்பதும் வேண்டும்.

இலைக்கட்டு:
நீங்கள் போடுவது டீயே இல்லை, கஷாயம். இரண்டுக்கும் அளவு வேறு. நிலவேம்புக் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள்: 5 கிராம் பொடி, 200 மில்லி தண்ணீர், 50 மில்லியாக வற்றவைப்பார்கள். குடிப்பதும் அந்த 50 மில்லிதான். வற்றவைத்துவிட்டு அதையே ஒரு முழு டம்ளர் குடித்தால் துவர்க்காமல் என்ன செய்யும்?

ஒவ்வொன்றாக வருகிறேன்.

கறுப்பு நிறத்துக்குக் காரணம் இரும்புச் சட்டி. கொய்யா இலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புச் சாயம்; கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியது இதே வேதியியல்தான். எவர்சில்வர், கண்ணாடி, மண் பாத்திரம், இனாமல் எது வேண்டுமானாலும் சரி. இரும்பு வேண்டாம், ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் வேண்டாம்.

மேலே மிதக்கிற ஏடு எண்ணெய் இல்லை. போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியம், பைகார்பனேட்டோடு இலையின் பாலிஃபீனால்கள் (டானினும் இதில் ஒன்று) காற்றுப்பட்டுச் சேரும்போது இப்படிப் படலம் கட்டும். கெட்டித் தண்ணீரில் சாதாரண டீத்தூளே இப்படித்தான் நடந்துகொள்ளும். ஆர்ஓ தண்ணீரிலோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரிலோ போட்டுப் பாருங்கள், ஏடு காணாமல் போகும். போர்வெல் தண்ணீர்தான் கதி என்றால் கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். படலமும் கரையும், நிறமும் வெளுக்கும்.

இலை. அடிக்கிளையில் கரும்பச்சையாக, தொட்டால் தோல் மாதிரி இருக்கிறதே, அது வேண்டாம். நுனிக் கொழுந்தும் வேண்டாம், அது காய்ந்தால் ஒன்றும் மிஞ்சாது. கொய்யாவில் இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும். நுனியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஜோடி பாருங்கள்: முழுசாக விரிந்திருக்கும், ஆனால் மடக்கினால் உடையாமல் வளையும். அதுதான் பதம். பறிக்கும்போது இலையைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் நரம்புகள் புடைத்து, மெல்லிய ரோமத்தோடு இருக்கும். மாவுப்பூச்சியும் சுருள் வெள்ளை ஈயின் முட்டையும் அந்த நரம்புச் சந்துகளில்தான் ஒட்டியிருக்கும். கறுப்புப் புகை படிந்த மாதிரி கரும்பூஞ்சாணம் உள்ள இலை, துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுப் புள்ளி உள்ள இலை இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். மற்றதை மூன்று தண்ணீரில், அடிப்பக்கத்தை விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். குழாயடியில் காட்டி எடுத்தால் போதாது.

பறிக்கும் நேரம் பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன். மழை பெய்த மறுநாள் பறிக்காதீர்கள்.

காயவைப்பதில் இரண்டு வழி உண்டு. சும்மா நிழலில் உலர்த்தினால் இலை பழுப்பாகும். காரணம், இலைக்குள் இருக்கிற நொதி பாலிஃபீனாலைக் காற்றோடு சேர்த்துப் பழுப்பாக்குவது. கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை, ஆனால் சத்து கொஞ்சம் குறையும். பச்சையாகவே இருக்க வேண்டுமானால் இட்லிக் கொப்பரையில் தண்ணீர் கொதி வந்ததும் இலையை இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் பரப்பி, மூடி, ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிடம் ஆவி காட்டுங்கள். பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் பச்சைக்கு மாறும்போது எடுத்துவிட வேண்டும். ஜப்பானில் கிரீன் டீக்குச் செய்வதும் இதுதான். மூன்று நிமிடம் விட்டால் இலை வெந்து, துணியில் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு வெள்ளைத் துணியில் ஈரத்தை ஒற்றி எடுத்து, பாயிலோ கொசுவலையிலோ ஒற்றை அடுக்காகப் பரப்பி, நிழலில், ஃபேன் காற்றில். நேர் வெயில் வேண்டாம்; வாசனை எண்ணெய் பறந்து இலை வைக்கோலாகிவிடும். காற்றோட்டம் இருந்தால் நாலு முதல் ஆறு நாள். டீஹைட்ரேட்டர் இருந்தால் 45-50 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம்.

உங்கள் இலை பூஞ்சை பிடித்த காரணம் இங்கேதான் இருக்கிறது. இலையின் அகலப் பகுதி சீக்கிரம் காய்ந்து நொறுங்கும். நடு நரம்பில் ஈரம் நிற்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி ஏமாற்றும். நரம்பை மட்டும் எடுத்து மடக்குங்கள். டக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள். தராசு இருந்தால் இன்னும் சுலபம்: ஒரு தட்டு இலையை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே எடை காட்டினால் முடிந்தது. ஒரு கிலோ பச்சை இலைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிற்கும். ஆறியபின் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, மறுநாள் மூடியின் உள்பக்கம் பாருங்கள். ஆவி பூத்திருந்தால் திரும்பவும் வெளியே கொட்டிப் பரப்ப வேண்டும்.

பூஞ்சை பூத்த இலையை மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பூஞ்சை சாகும், அது விட்ட நஞ்சு கொதியில் சாகாது.

இலையை முழுசாகவே வைத்திருந்து, போடும்போது கையால் நொறுக்குங்கள். மிக்ஸியில் பொடித்து வைத்தால் வாசனை ஒரு மாதம் தாங்காது, டீயும் கலங்கும். முழு இலை ஆறு மாதம் வரும்.

போடும் அளவு: 200 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் காய்ந்த இலை. நொறுக்கிய இலையில் குவித்து ஒரு மேசைக்கரண்டி. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, இலையைப் போட்டு மூடி, ஐந்து முதல் ஏழு நிமிடம். வடிகட்டுங்கள். வெளிர் பொன்னிறத்துக்கும் தேன் நிறத்துக்கும் நடுவே இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் ஊறினால் துவர்ப்பு ஏறும். அதே இலையில் உடனே இன்னொரு தரம் போடலாம். மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

மாத்திரைப்பெட்டி:
மேலே போட்டவர் செய்முறையைச் சொல்லிட்டார். நான் அப்பா பக்கத்துக்கு வர்றேன்.

முதல்ல நேரம். வெறும் வயித்துல கொடுக்கறது சுகருக்குப் பெருசா உதவாதுங்க. கொய்யா இலை பாலிஃபீனால் வேலை செய்யற இடம் குடல். மாவுச்சத்தையும் சர்க்கரையையும் உடைக்கற ஆல்ஃபா அமிலேஸ், மால்டேஸ், சுக்ரேஸ் நொதிகளை அது கொஞ்சம் தடுக்குது. அதனால சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர் ஏறுற வேகம் குறையுது. உடைக்க சோறே இல்லாத நேரத்துல குடிச்சா தடுக்க என்ன இருக்கு? ஜப்பான்ல யாகுல்ட் கம்பெனியோட கொய்யா இலை பானத்துக்கு 2000-ல அந்த நாட்டு அரசு 'டோகுஹோ' (உடல்நலப் பலன் உள்ள உணவுன்னு) அங்கீகாரம் கொடுத்துச்சு. அதையும் சாப்பாட்டோட குடிக்கத்தான் சொல்றாங்க. சாப்பாட்டோடயோ சாப்பிட உட்காரும்போதோ ஒரு கிளாஸ்.

பனங்கற்கண்டு: அதுவும் சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில்னு சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் சுகரை ஏத்திக்கறாங்க. துவர்ப்பு தாங்கலைன்னா இலையைக் குறைங்க. ஒரு துண்டு சுக்கு தட்டிப் போடலாம். பால் வேண்டாம், பால் புரதம் பாலிஃபீனாலைப் பிடிச்சு வெச்சுக்கும்.

மெட்ஃபார்மின் மட்டும்னா ஒரு கிளாஸ், ரெண்டு கிளாஸ் டீயால தாழ்சர்க்கரை வர வாய்ப்பு குறைவு. கூடவே கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லணும். வோக்லிபோஸ், அகார்போஸ் போடறவங்களுக்கு இன்னொரு விஷயம்: அந்த மாத்திரையும் இதே நொதியைத்தான் தடுக்குது. ரெண்டும் சேர்ந்தா உடையாத மாவு பெருங்குடலுக்குப் போய் வயிறு உப்பும், வாயு பிரியும். மாத்திரையை நீங்களா குறைக்கறது, நிறுத்தறது கூடவே கூடாது.

டானின் இரும்புச்சத்தைக் குடல்லயே பிடிச்சு வெச்சுக்கும். இரும்பு மாத்திரை போடறவங்க, ரத்தசோகை உள்ளவங்க ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடணும். தைராக்ஸின் மாத்திரையையும் வெறும் தண்ணியில போட்டுட்டு டீயைத் தள்ளி வெச்சுக்கணும். கர்ப்பிணிகள் தினசரிப் பழக்கமா வெச்சுக்க வேண்டாம். பேதிக்குக் கொய்யா இலை கொடுக்கறது காலங்காலமா இருக்கறதுதானே. அதே குணம் மலச்சிக்கல் உள்ளவங்களுக்கு எதிரா வேலை செய்யும். வயசானவங்களுக்கு இதைத்தான் முதல்ல கேக்கணும்.

பலன் இருக்கான்னு தெரிஞ்சுக்க குளுக்கோமீட்டர் போதும், ஆனா முறையா பாக்கணும். அதே காலை உணவு (நாலு இட்லின்னா தினமும் நாலு இட்லி, அதே சாம்பார்), அதே மாத்திரை நேரம். முதல் வாய் வெச்ச நேரத்துல இருந்து சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுங்க. ஒரு வாரம் டீ இல்லாம, ஒரு வாரம் டீயோட. சராசரியைப் பாருங்க, ஒரு நாள் எண்ணைப் பாக்காதீங்க. ஏன்னா 100-க்கு மேல உள்ள அளவுகள்ல மீட்டர் 15 சதவீதம் வரைக்கும் முன்னபின்ன காட்டலாம்னு தரவிதியே அனுமதிக்குது. உண்மையான அளவு 160-ன்னா மீட்டர் 136-ம் காட்டும், 184-ம் காட்டும். "நேத்து 165, இன்னைக்கு 150, டீ வேலை செய்யுது"ன்னு சொல்றதுக்கு அர்த்தமே இல்லை.

அடுப்படி:
மரமே கொல்லையில் நிற்கும்போது எதற்கு இத்தனை காயவைப்பு? பச்சை இலை ஐந்து, நடுத்தர அளவு. கழுவி, நடு நரம்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, கையால் நாலாகக் கிள்ளி, 250 மில்லி தண்ணீர் கொதிக்கும்போது போட்டு, தீயைக் குறைத்து மூன்று நிமிடம். இறக்கி, மூடி, ஐந்து நிமிடம். அவ்வளவுதான். பச்சை இலை செல்லுக்குள் தண்ணீர் இறங்க நேரம் எடுக்கும் என்பதால்தான் இந்த மூன்று நிமிடக் கொதி; காய்ந்த இலைக்கு அது வேண்டாம்.

பச்சை வாசனை பிடிக்காதவர்கள் இறக்கியபின் ஒரு நார்த்தை இலையைக் கசக்கிப் போட்டு மூடி வைக்கலாம். கொதிக்கும்போது போட்டால் மணம் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் மிஞ்சும். நார்த்தை இலையிலும் நடு நரம்பைக் கட்டாயம் எடுக்க வேண்டும். இந்த இலையில் வேப்பிலைக்கட்டி இடிக்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கொல்லைக்கொய்யா:
எல்லோருக்கும் நன்றி. சட்டியை மாற்றியதுமே நிறம் தெளிந்துவிட்டது. இன்னொரு கேள்வி: மா, பப்பாளி, முள்சீத்தா இந்த மூன்றும் தெருவில் இருக்கின்றன. முள்சீத்தா இலை டீ ரொம்ப விசேஷம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கொடைக்கானலில் உறவினர் தோட்டத்தில் பிளம்ஸ், பீச் மரங்களும் உண்டு. பழ மரத்து இலை எல்லாவற்றையும் இதே முறையில் போடலாமா?

மேட்டுத்தோட்டம்:
கூடாது தம்பி. பழம் தின்னலாம் என்பதால் இலையும் தின்னலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

முதலில் பிளம்ஸ், பீச். ஆப்ரிகாட், செர்ரியும் இதே குடும்பம். இந்த இலைகளில் புருனாசின் என்ற பொருள் இருக்கிறது. இலை கசங்கும்போதும் வாடும்போதும் நொதி அதை உடைத்து சயனைடு வெளிவிடும். வாடின இலையைத் தின்று ஆடு மாடு சாவது குளிர்நாடுகளில் கால்நடை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாம் இலையைக் காயவைப்பது என்றாலே முதலில் வாடவிடுவதுதானே. வேண்டவே வேண்டாம்.

அடுத்தது முள்சீத்தா. வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் சோதனைக் குழாயில் புற்றுசெல் மீது செய்த ஆய்வுகளை ஊதிப் பெருக்கியவை. அந்த இலையிலும் பழத்திலும் அன்னோனாசின் என்ற பொருள் உண்டு. நரம்பு செல்லுக்கு நஞ்சு. கரீபியன் கடலில் பிரான்சின் ஆளுகையில் இருக்கும் குவாதலூப் தீவில் வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒருவகை பார்க்கின்சன் நோய் அளவுக்கு மீறிக் காணப்பட்டது. முள்சீத்தாப் பழமும் இலை டீயும் அங்கே அன்றாடப் பழக்கம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1999-ல் லான்செட் இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். இதுதான் காரணம் என்று முடிவாக நிறுவப்படவில்லை. இருந்தாலும் எப்போதாவது ஒரு பழம் தின்பது வேறு, தினமும் இலையைக் காய்ச்சிக் குடிப்பது வேறு. நம் சாதாரணச் சீத்தாவும் அதே இனம். அதன் கொட்டைப் பொடியைப் பேனுக்குத் தேய்த்துக் கண்ணில் பட்டு விழிப்படலம் புண்ணாகி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் உண்டு. இலையையும் விட்டுவிடுங்கள்.

பப்பாளி இலை தினசரி டீக்கு உரியது இல்லை. தமிழ்நாட்டில் 2012 டெங்கு சமயத்தில் நிலவேம்போடு பப்பாளி இலைச் சாறும் பரவியது. அது பச்சை இலையை இடித்துப் பிழிந்த சாறு, டீ இல்லை. டெங்குவில் உயிரைக் காப்பது நீர்ச்சத்தும் மருத்துவர் கண்காணிப்பும்தான். சாறு கொடுத்தாயிற்று என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் ஆகாது.

மா இலை போடலாம், கவனத்தோடு. செம்பு நிறத் தளிர் மாறி இளம்பச்சைக்கு வந்திருக்கும் இலை இரண்டு மூன்று, 250 மில்லிக்கு. காம்பை ஒட்டி வடிகிற பால் தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் வரும். மாங்காய்ப் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த டீ பக்கமே வரக்கூடாது. பறித்ததும் காம்பைக் கீழ்நோக்கிப் பிடித்து வடியவிட்டு, காம்பை நறுக்கி எறிந்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். மா இலையின் முக்கியப் பொருள் மாங்கிஃபெரின். பீகாரில் முங்கேர் பக்கம் மிர்சாபூரில் மாடுகளுக்கு மா இலையையே தீனியாகப் போட்டு, அவற்றின் மூத்திரத்தைக் காய்ச்சி ஓவியர்களுக்கான மஞ்சள் வண்ணம் எடுத்ததாக 1883-ல் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று இருக்கிறது. மாங்கிஃபெரின் மாட்டின் உடலுக்குள் மாறித்தான் அந்த மஞ்சள். அந்த மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அளவு தெரிந்து போடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் லக்கோட்டா (ஆங்கிலத்தில் லோக்வாட்) மரம் கிடைத்தால் அதன் இலை போடலாம். ஜப்பானிலும் சீனாவிலும் போடுகிறார்கள். ஆனால் இலையின் அடிப்பக்கம் முழுக்கப் பஞ்சு மாதிரி ரோமம். அதைப் பல்துலக்கும் பிரஷால் தண்ணீரில் தேய்த்து எடுக்காவிட்டால் தொண்டையில் போய் ஒட்டி இருமல் விடாது. வடிகட்டுவதும் துணியில்தான்.

பட்டுக்கொட்டகை:
மல்பெரியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். சுகருக்கு இலை டீ என்றால் கொய்யாவுக்கு முன்னால் வர வேண்டியது அதுதான். டிஎன்ஜே என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொருள் அதில் இருக்கிறது, சர்க்கரையை உடைக்கிற அதே குடல் நொதிகளை இன்னும் நேரடியாகத் தடுக்கும், தண்ணீரில் நன்றாகக் கரையும். இளம் இலையில் அதிகம். துவர்ப்பும் குறைவு. மாத்திரைப்பெட்டி சொன்ன வோக்லிபோஸ் எச்சரிக்கை இதற்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, உடுமலை பக்கம் இருப்பவர்களுக்கு இலை சும்மாவே கிடைக்கும். ஆனால் "பட்டுப்புழு தின்கிற இலை, மருந்தே இருக்காது" என்று நம்பாதீர்கள். இலைப்பேனுக்கும் மாவுப்பூச்சிக்கும் மருந்து அடித்து, இத்தனை நாள் கழித்துத்தான் புழுவுக்குப் போட வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். கடைசியாக என்று, என்ன அடித்தார்கள் என்று கேட்டுவிட்டுப் பறியுங்கள். வி-1 ரக இலை தடித்தது, நீர் அதிகம். ஒரு கிலோ காய்ந்தால் கால் கிலோ கூட நிற்காது. ஆவி காட்டாமல் காயவைத்தால் கறுத்துவிடும்.

இலைக்கட்டு:
மல்பெரி சரிதான். ஆனால் அவர் வீட்டில் நிற்பது கொய்யா, அதுவும் மருந்தடிக்காத மரம். அதை விட்டுவிட்டு ஊர் இலை தேட வேண்டியதில்லை. ஆயக்குடி மாதிரி கொய்யாத் தோப்புகளில் கவாத்துக்குப் பிறகு இலை வண்டி வண்டியாகக் கிடக்கும், அதையும் வாங்காதீர்கள். பழ ஈக்கும் தேயிலைக் கொசுவுக்கும் அடித்த ஊடுருவும் மருந்து இலைக்கு உள்ளே இருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் போகாது.

கொல்லைக்கொய்யா:
மல்பெரி இங்கே கிடைக்காது, கொய்யாவோடு நிறுத்திக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் வெயிலே வராது. அப்போது காயவைக்க வழி?

அடுப்படி:
அந்த மாதங்களில் காயவைக்கவே வேண்டாம், பச்சை இலையில் போடுங்கள், மரம் எங்கே போகிறது? இல்லை, வைத்தே ஆக வேண்டுமென்றால் ஆவி காட்டின இலையை ஈரம் ஒற்றி, ஓடிஜி அடுப்பில் ஆகக் குறைந்த சூட்டில், கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டி செருகி வைத்து உலர்த்துங்கள். கதவை மூடினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் இலை அங்கேயே வேகும். அரை மணிக்கு ஒரு தரம் புரட்டிவிடுங்கள். நரம்பு உடையும் பதம் அப்போதும் அதேதான்.